தம்பிக்கு, சைக்கிள் விஷயமாக

புதுக்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெண்டாட்டி நேற்று ராத்திரி போன் செய்தாள். பிள்ளைகள் படிப்பு, பெங்களூர் மழை, தக்காளி விலை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "பால்கனியில துணி காயப்போட இடமில்ல அண்ணி, அவ்வளவுதான்" என்றாள். எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று கேட்டேன். எண்ணுவதை நிறுத்திவிட்டாளாம். குளியலறைக்கு வெளியே ஒரு சக்கரம் தனியாகச் சாய்ந்து நிற்கிறதாம், அது எந்த வண்டியுடையது என்று உனக்கே தெரியவில்லையாம். கோபமாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதற்காகத்தான் காகிதம். உட்கார்ந்து படி.

முதலில் இங்கத்திச் சேதி. அத்தான் இப்போது தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறார். இடது கை இன்னும் முழுசாக வசப்படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர், சக்கரத்தை மடியில் வைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு போக்ஸ் கம்பியாகத் துடைக்கிறார். பின் சக்கரத்தில் 40, முன் சக்கரத்தில் 32. இரண்டையும் முடிக்க ஒரு சாயங்காலம் ஆகிறது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வருகிறது, அந்த எரிச்சலைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருக்கிறது. பழைய மனுஷர் திரும்பி வருகிறார் என்று அர்த்தம். கணக்கு நோட்டும் அவர் கையில்தான். எழுத்து கோணலாகத்தான் விழுகிறது, கூட்டல் பிசகுவதில்லை.

இந்தப் பழைய சைக்கிள் வேலையை நான் ஏன் ஆரம்பித்தேன் என்று நீ கேட்டதில்லை. அவருக்குப் பக்கவாதம் வந்த புதிதில், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டைவிட்டு நகர முடியாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் தேவையில்லாததெல்லாம் மனதில் ஓடும். கை அழுக்காகிற, கொஞ்சம் முரட்டு வேலையாக ஏதாவது வேண்டியிருந்தது. அப்பா கடையில் பத்து வயதிலிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அதனால் உனக்கு வேலை போன பிறகு நீ ஏன் இதைப் பிடித்துக்கொண்டாய் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரன் கணக்கு முடித்து அனுப்பிய மனுஷனுக்கு, கழற்றினால் கழறுகிற, பூட்டினால் பூட்டிக்கொள்கிற ஒரு சாமான் கையில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். வாங்கியதை நான் குறை சொல்லவில்லையடா. வந்த வண்டி ஒன்றுகூட வெளியே போகவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

இதிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் உனக்கு இருப்பதாக அவள் சொன்னாள். அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுவோம். காயலான் கடையில் ஒரு 28 இஞ்ச் வண்டி, இருபது கிலோவுக்குக் குறையாது, இரும்பு விலைக்கு மேலே கொஞ்சம் வைத்து 800 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். டயர் ஜோடி, டியூப் ஜோடி 1,000. செயினும் ஃப்ரீவீலும் 500. பிரேக் கட்டை, காட்டர் பின், பால்ரஸ், கிரீஸ், அது இது என்று 300. ஆக 2,600. என்னதான் மினுக்கினாலும் இங்கே 3,500-க்கு மேல் போகாது, ஏனென்றால் அதற்குமேல் இரண்டு மூவாயிரம் போட்டால் புது வண்டியே கிடைக்கும். மிச்சம் 900. அதற்கு மூன்று சாயங்கால வேலை, காயலான் கடைக்கு அலைச்சல், இடுப்பு வலி. பெங்களூரில் விலை கூடுதலாக இருக்கலாம், வீட்டு வாடகையும் கூடுதல்தானே. அப்பா நம்மை வளர்த்தது சைக்கிள் விற்று அல்ல, வாடகைக்கு விட்டு. ஒரே வண்டி ஒரே நாளில் நாலு பேர் காலடியில் ஓடியதால் அரிசி வந்தது. விற்கிற வண்டி ஒரு தடவைதான் காசு தரும். எனவே வேலை தேடுவதை நிறுத்தாதே. சாயங்காலம் சைக்கிள், காலையில் இன்டர்வியூ. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இனி உன் சரக்கைப் பற்றி. நீ அனுப்பிய படங்களை அத்தானும் நானும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிசாக்கிப் பார்த்தோம்.

அந்தக் கறுப்பு வண்டியை 'ராலே' என்று சொல்லி 6,000 கொடுத்து வாங்கியிருக்கிறாய். முன்னால் இருக்கிற பட்டையம் ராலேதான். ஆனால் பெடல் சக்கரத்தைப் பார்த்தாயா? நாட்டிங்காம் ராலேயின் செயின் சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டியிருக்கும், அப்பா நமக்குக் காட்டியிருக்கிறார். உன் வண்டிச் சக்கரத்தில் ஹீரோ என்று எழுத்தே வெட்டியிருக்கிறது. சக்கரத்தை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாம் என்பாய். மாற்றியிருக்கலாம். ஆனால் பட்டையத்தை ஒட்டியிருக்கிற ஆணி புதுசு, அதைச் சுற்றிப் பெயிண்ட் சுரண்டியிருக்கிறது. பட்டையம் மாற்றுவது ரெண்டு நிமிஷ வேலை. அது லூதியானா வண்டி. நல்ல வண்டிதான், 1956-இலிருந்து செய்கிறார்கள், ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

அந்தப் பச்சை ஹெர்குலிஸ்தான் உன்னிடம் இருப்பதிலேயே உருப்படி. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் சரக்கு. லக் மூட்டுகளில் பித்தளை வழிந்து சுத்தமாக இருக்கிறது, மட்கார்டில் தங்கக் கோடு இன்னும் தெரிகிறது. அதைப் போய் ஆரஞ்சுக் கலரில் ஸ்ப்ரே அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கையை உடைப்பேன். துரு ஏறிய ரிம்முக்கு ஈயத்தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய், குரோம் எழுந்து வரும். பித்தளைப் பட்டையத்துக்குப் புளி. பெயிண்டுக்குச் சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். பழைய கம்பெனிப் பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. பேர் தெரியாத வண்டிக்கு நீ எந்தக் கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள், ஹோலி கொண்டாடு, நான் கேட்கமாட்டேன்.

வாங்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதே என்று அப்பா சொல்வார், நீ அதைத்தான் முதலில் பார்க்கிறாய். பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பார். ஹேண்டிலுக்குக் கீழே வருகிற குழாயும் ஃபோர்க்கின் மேல்பாதியும் ஒரே கோட்டில் இறங்க வேண்டும். பின்னுக்குத் தள்ளியிருந்தால் எங்கேயோ முட்டியிருக்கிறது. அப்புறம் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை, அந்த ஹேண்டில் மூட்டுக்குப் பக்கத்தில், விரலால் தடவிப் பார். சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் ஃப்ரேமே மடங்கியது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். செயினுக்கு உன் பெண்ணின் அடிக்கோலை எடுத்துப் போ. புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக ஓர் அடி. எட்டில் ஒரு இஞ்ச் நீண்டிருந்தால் செயினைக் கழித்துக்கட்டு, அதோடு ஓடிய பல்சக்கரமும் தேய்ந்திருக்கும் என்று விலையைக் குறை.

இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பையனிடம் கியர் சைக்கிள் ஒன்றை 1,500-க்கு வாங்கினாய் என்று பெருமையாகச் சொன்னாயாம். பயமாக இருக்கிறது தம்பி. பத்தாயிரம் ரூபாய் வண்டியை 1,500-க்கு விற்கிறவன் யார்? பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக் குழாயிலோ ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனில் விசாரி. யாரோ ஒரு பிள்ளை பூட்டை உடைத்துப் போனதற்காக அழுதுகொண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, காசு போனால் போகட்டும். இனிமேல் விற்கிறவரின் வீட்டு வாசலில் நின்றுதான் வாங்க வேண்டும். பேர், போன் நம்பர், ஒரு கையெழுத்து. நான் இங்கே அப்படித்தான்.

நான் வாங்காத வண்டி ஒரு வகை உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. கவர்மென்ட் சைக்கிள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்துப் பிறகு எல்லாருக்கும் என்று ஆனது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு வண்டி கிடைத்த மாதமே தகப்பன் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான். என் வகுப்புப் பிள்ளையின் வண்டியே வந்திருக்கிறது. அந்த மாதிரி வந்தால் பிரேக்கையும் காற்றையும் சரிபார்த்து, வால்டியூப் மாற்றி, அவனிடமே கொடுத்து அனுப்பிவிடுவேன். திட்டுவேன் என்று இப்போது யாரும் வருவதில்லை. படிப்பு முடிந்து, அந்தப் பெண்ணே வேலைக்குப் போய் ஸ்கூட்டி வாங்கிய பிறகு விற்க வந்தால் சந்தோஷமாக வாங்குகிறேன், இரண்டு மூன்று அப்படி வந்தன.

உன் ஊரில் எங்கே வாங்க வேண்டும் தெரியுமா? உன் அபார்ட்மென்ட்டின் அடித்தளத்தில். 2020 ஊரடங்கில் ஊரே சைக்கிள் வாங்கியது ஞாபகமிருக்கும். அதில் பாதி இப்போது காற்றில்லாமல் தூணோடு பூட்டிக் கிடக்கும், சாவி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அசோசியேஷனில் சொல்லி வை. அதிலும் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டிகளைத் தொடாதே, கனம்தான் மிச்சம், அந்த மலிவு டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்து மாளாது. சாதா ஃபோர்க், இரும்பு ஃப்ரேம், கியர் இல்லாதது அல்லது குறைவானது, இவையே போதும். எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் போவது 16 இஞ்ச், 20 இஞ்ச் பிள்ளைகள் வண்டி. பிள்ளை வளர்வதை யாரால் நிறுத்த முடியும்? சின்னது கொடுத்துப் பெரிசு வாங்கிப் போக ஒரே வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். உனக்கு அது கௌரவமாகப் படாது. ராலே என்று சொல்லிக்கொள்வதில் இருக்கிற சுகம் பார்பி ஸ்டிக்கர் வண்டியில் இல்லைதான்.

நீ கேட்ட காட்டர் பின் விஷயம். சுத்தியலால் அடித்து அடித்துத் தலை மழுங்கிவிட்டது என்கிறாய். நட்டை முழுக்கக் கழற்றாதே, பின்னின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்து. கிராங்குக்கு அடியில், பின்னின் தலைப்பக்கம், ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடு. பிறகு ஒரே அடி. பயந்து பயந்து இருபது அடி அடித்தால் எல்லா அடியையும் பால்ரஸ்தான் வாங்கிக்கொள்ளும். திரும்பப் போடும்போது இரண்டு பக்கப் பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். பால்ரஸைக் கழுவ மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது, டீசலில் ஊறவை. பழைய குண்டுகளைத் திரும்பப் போட்டுச் சிக்கனம் பிடிக்காதே. கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்று.

ஆனால் இதையெல்லாம் நீ படத்தைப் பார்த்தே கற்றுக்கொள்வாய், உனக்குக் கை உண்டு. நீ செய்யாதது ஒன்றுதான், ஓட்டிப் பார்ப்பது. அவளிடம் கேட்டேன், எந்த வண்டியையாவது தெருமுனை தாண்டி ஓட்டினானா என்று. லிஃப்ட்டில் ஏற்றுவதைத்தான் பார்த்திருக்கிறாளாம்.

நான் ஒவ்வொரு வண்டியையும் சித்தன்னவாசல்வரை ஓட்டிவிட்டுத்தான் விற்கிறேன். போகப் பதினாறு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அத்தானுக்கு என் நாத்தனார் காபி போட்டுக் கொடுத்துவிடுவாள். அங்கே போய் ஓவியத்தையெல்லாம் பார்ப்பதில்லை, பாறை நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதுதான். முதல் ஐந்து கிலோமீட்டரில் வண்டி ஒன்றும் சொல்லாது, எல்லாம் சரி என்றே தோன்றும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். வலது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு 'டக்' வந்தால் காட்டர் பின்னோ பெடலோ. மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டும் சத்தம் தொடர்ந்தால் சக்கரம், தளர்ந்த போக்ஸ் கம்பியாக இருக்கும். மிதிக்கும் ஒத்துவராமல் சக்கரத்துக்கும் ஒத்துவராமல், இரண்டு மூன்று மிதிக்கு ஒருதரம் ஒரு வெட்டு வெட்டினால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் சத்தம் அடங்குகிறதா? அப்படியானால் வண்டியில் கோளாறே இல்லை, சீட் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க எனக்கு வயதில்லை, நீ பார்க்கலாம். பார்க்காதே.

வீட்டில் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் இதில் பாதி தெரியாது. மனுஷ எடை ஏற வேண்டும், மேடு வர வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த வண்டி யாருக்கு என்று எனக்கு அந்த வழியில்தான் தெரிகிறது. சில வண்டிகள் ஆளை முன்னுக்குக் குனிய வைக்கும், அது பள்ளிக்கூடப் பையனுக்கு. சில வண்டி நிதானமாக, பாரம் ஏற ஏறத்தான் நேராக ஓடும், அது மாவுப் பாத்திரம் கட்டுகிறவருக்கு. திரும்பி வரும்போது பெரும்பாலும் ஆளை முடிவு செய்திருப்பேன். விலை பேசுவது அப்புறம் சுலபம்.

என்னிடம் அதிகம் வாங்குவது யார் என்று சொன்னால் நம்பமாட்டாய். ஒரிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும்தான். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள், தங்குகிற இடத்துக்கும் வேலைக்கும் நாலைந்து கிலோமீட்டர். புதுசு வாங்கினால் ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்ற கவலை. நான் சொல்லியிருக்கிறேன், போகும்போது கொண்டுவந்து கொடு, ஐந்நூறு கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்று. தீபாவளி, சட் பூஜை சமயத்தில் வாசலில் வரிசையாக வந்து நிற்கும். அந்த நீல அட்லஸ் இருக்கிறதே, அது எத்தனை தரம் போய் வந்தது என்று அத்தான் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் பார், சாஹிபாபாத் ஃபேக்டரியை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே நிறுத்தினார்கள். பேப்பரில் படித்தபோது அத்தான் வாய்விட்டுத் திட்டினார். கம்பெனி போனாலும் வண்டி என் வாசலுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் சின்ன வயசு உனக்குச் சரியாக ஞாபகமிருக்காது, ஆறு வயது. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களெல்லாம் சைக்கிள் கற்க வேண்டும் என்று சொல்லி, பேங்க்கில் கடனுக்கும் ஏற்பாடு செய்தபோது, நம் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டிகூட மிஞ்சாது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் வண்டியையே எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா முதலில் முணுமுணுத்தார், கீழே போட்டு ஹேண்டிலை வளைத்துவிடுவார்கள் என்று. வளைத்தார்கள்தான். நானும் அவரும் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் நிமிர்த்தினோம். மூன்றாம் வாரம் அம்மாவே வந்து, எனக்கு ஒன்று கொடுங்கள் என்று நின்றாள். அப்பா முகம் போன போக்கு! கற்றுக்கொண்ட பிறகு லேடீஸ் வண்டி வந்தும் அவள் மாறவில்லை, முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்றாள். அந்தப் பிள்ளை நீதான். நமணசமுத்திரம்வரை உன்னைப் பாரில் வைத்து மிதிப்பாள். அடுத்த வருஷம் மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்களே, அதில் அவளும் உண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பா ஒரு வண்டியையும் ஆசைப்பட்டு நிறுத்தி வைத்ததில்லை. மூலையில் ஒரு நாள் சும்மா நின்றால் அவருக்குக் கை பரபரக்கும். உன் பால்கனியைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டாம், கெட்ட வார்த்தை.

அந்த ஹெர்குலிஸை மட்டும் நீ வைத்துக்கொள். ஆனால் ஓட்டு. அதற்கு ரெண்டு எச்சரிக்கை. இரும்பு ரிம், ராடு பிரேக். மழையில் நனைந்துவிட்டால் பிரேக் பிடித்தும் பிடிக்காததுதான், இரும்பில் ஈரம் இருக்கும்வரை கட்டை வழுக்கும். நம் ஊர் சமதளம், சமாளித்துவிடுவோம். உன் ஊர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இறக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கு, ஈரம் வழித்துப் போகட்டும். மழையென்றால் இறங்கித் தள்ளு, யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். மேட்டுக்கு, பின்னால் இருக்கிற 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடு. முன்னால் 44 என்றால் இப்போது ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகிறது, அது நாலரையாகக் குறையும். வேகம் குறையும், மூச்சு மிஞ்சும். நாற்பதை நெருங்குகிறவனுக்கு அது போதும்.

மற்றதையெல்லாம் இந்த மாதத்துக்குள் பாதியாகக் குறை. முதலில் எதை என்று தெரியாவிட்டால் நானே சொல்கிறேன், அந்த சிவப்பு பி.எஸ்.ஏ. லேடீஸ் வண்டி. அதை இங்கே அனுப்பு. கீழ ராஜ வீதியில் பூ விற்கிற அம்மா ஒருத்தி, முழங்கால் வலி, பார் வண்டியில் கால் தூக்கிப் போட முடியவில்லை. குனிந்த பார் வண்டி ஒன்று பார்த்து வை டீச்சர் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். 2,500 தருவாள், இரண்டு தவணையில். லாபம் பார்க்காதே.

பார்சல் லாரியில் போடும்போது பெடல் இரண்டையும் கழற்றிவிடு. இடது பெடல் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழறும், போன தடவை மாதிரி ஸ்பேனரில் ஏறி நின்று குதிக்காதே. ஹேண்டிலைத் தளர்த்தி ஃப்ரேமோடு சேர்த்துத் திருப்பிக் கட்டு. செயின் கவரைச் சுற்றிப் பழைய போர்வை வை. காற்றைப் பாதி இறக்கிவிடு. நட்டுகளை ஒரு பையில் போட்டு சீட்டுக்கு அடியில் முடிந்து கட்டு, காகிதத்தில் சுருட்டி வைத்தால் விழுந்துவிடும்.

உன் பெண்டாட்டியிடம் அவள் எனக்குப் போன் செய்ததைப் பற்றிக் கேட்காதே. நாளைக்குக் காலையில் பால்கனியின் ஒரு பக்கத்தைக் காலிசெய்து கொடியைக் கட்டிக் கொடு. இன்டர்வியூ எது வந்தாலும், வராவிட்டாலும், எனக்கு எழுது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் போன் செய், எத்தனை மணியானாலும் எடுப்பேன். இங்கேயும் ஒரு ஆள் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

புதன்கிழமைக்குள் அனுப்பிவிட்டு லாரி ரசீது நம்பரை அத்தானுக்குச் சொல். நோட்டில் உன் பேருக்கு ஒரு பக்கம் பிரித்து, 'பி.எஸ்.ஏ., சிவப்பு' என்று எழுதிவிட்டார். விலையை எழுதவில்லை, வண்டி வந்து ஓவராயில் பார்த்த பிறகுதான் எழுதுவாராம்.

அன்புடன்,
அக்கா